ஜவ்வரிசியில் அரிசி எங்கே?

சேலம்–ஆத்தூர் சாலையிலோ ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமோ போனால் ஆலைக் களங்களில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்கும் ஜவ்வரிசியைப் பார்க்கலாம். இதை ரசிக்க, வாயில் போடுமுன் பெயரைக் கொஞ்சம் மென்று பார்க்க வேண்டும்.

பெயர் ‘அரிசி’ என்று முடிகிறது. உள்ளே ஒரு நெல்மணி கிடையாது. நம்மூரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் மாவுதான் அத்தனையும். முன்பாதிக்கு இரண்டு கதைகள் உண்டு. வெந்தால் சவ்வு மாதிரி ஆவதால் சவ்வரிசி என்பார்கள். ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்றும் சொல்வார்கள். என் ஓட்டு கப்பல் கதைக்குத்தான். ஆங்கிலத்தில் சேகோ என்கிற அசல் ஜவ்வரிசி, மலாய்க்காரர்கள் ‘சாகு’ என்னும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவு. இரண்டாம் உலகப்போரில் கடல்வழி வரத்து நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவிடம் தொழில்முறையைக் கேட்டறிந்து, கிழங்கு மாவில் ஜவ்வரிசி உருட்ட ஆரம்பித்தார் என்பார்கள். மரம் போனது, பேர் நின்றது. அந்தக் கிழங்குக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா! ஆனாலும் 2023-ல் ‘சேலம் ஜவ்வரிசி’ புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. நியாயம்தான்.

பெரிய வேடிக்கை மகாராஷ்டிரத்தில். ஏகாதசிக்குச் சோறு தொடாதவர்கள், சாபுதானா கிச்சடி என்று நம் ‘அரிசி’யைத் தட்டு நிறையச் சாப்பிடுகிறார்கள். சேலத்துச் சரக்குக்கு அங்கேதான் பெரிய கிராக்கி.

இனி அடுப்படி. பாயசத்துக்கு நைலான் ஜவ்வரிசி வாங்குங்கள். நெய்யில் லேசாக வறுத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, ஒரு மணியை மட்டும் கவனியுங்கள். ஓரம் கண்ணாடியாகும், நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கும். அந்தப் பொட்டு வேகாத மாவு. அது மறையும்வரை சர்க்கரை போடக் கூடாது; போட்டால் மணி விறைத்துக்கொள்ளும். இதற்கென்று தனி ருசி கிடையாது என்று குறை சொல்பவர்கள், நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே அது வழுக்கி ஓடுவதைக் கவனிக்காதவர்கள்.

வத்தலுக்கு மாவு ஜவ்வரிசிதான் சரி. கூழாகக் கரைந்து, பச்சைமிளகாய், உப்பு, பெருங்காயம் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். பழைய வேட்டியில் ஊற்றி வெயிலில் வைத்து, காய்ந்த பிறகு துணியின் அடிப்பக்கம் தண்ணீர் தெளித்தால் அழகாக உரிந்து வரும். கடையில் ஒரு எச்சரிக்கை: கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ரசாயனம் போட்டு வெளுப்பவர்களும் உண்டு. நல்ல சரக்கு சற்று மங்கலாகவே இருக்கும்.