மண்ணுக்கொரு சிறுவர் நாவல்

1902-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆசிரியர் சங்கம் செல்மா லாகர்லெவ் என்ற எழுத்தாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது. பள்ளிப் பிள்ளைகள் தம் நாட்டின் நிலவியலைப் படித்தறிய ஒரு வாசிப்பு நூல் வேண்டும் என்பதே அது. லாகர்லெவ் எழுதித் தந்தது ஒரு நாவல். நில்ஸ் என்ற குறும்புக்காரப் பையன் விரலளவுக்குச் சிறுத்து, வாத்தின் முதுகில் ஏறி, நாட்டின் தென்முனையிலிருந்து வடக்கே லாப்லாந்து வரை பறக்கிறான். 1906, 1907 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்த அந்நாவல், மாகாணம் மாகாணமாக நாட்டைப் பிள்ளைகளின் மனத்தில் இறக்கிவைத்தது. 1909-இல் லாகர்லெவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு நாட்டின் பல வட்டாரங்களைச் சிறுவர் நாவல் வழியே வாசிக்கும் மரபின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று. இந்த வகை நாவல்களை வரிசையாக எடுத்துப் படிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். கதையை அப்படியே பெயர்த்து வேறு ஊரில் வைத்தால் நடக்குமா? நடக்கும் என்றால் ஊர் அங்கே பின்திரை மட்டுமே. நடக்காது என்றால் மண்ணே கதையை நடத்துகிறது.

இந்தத் தேர்வில் நன்றாகத் தேறியவர் அமெரிக்காவின் லோயிஸ் லென்ஸ்கி. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நேரில் போய், பிள்ளைகளோடு பேசி, படமும் வரைந்து அவர் எழுதிய வரிசையில் 1945-இல் வந்த ‘ஸ்ட்ராபெரி கேர்ள்’ சிறார் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. புளோரிடா காட்டோரத்தில் பழச்சாகுபடி செய்ய வந்த பெர்டியின் குடும்பம் வேலி போடுகிறது. மாட்டையும் பன்றியையும் அவிழ்த்துவிட்டே பழகிய பக்கத்து வீட்டாருக்கு அந்த வேலியே பகையாகிறது. நமக்கு எட்டாத ஓர் ஊரின் பொருளாதாரம் முழுவதும், ஒரு சிறுமி காவல் காக்கும் செடி வரிசைக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தியாவில் இரண்டு வகை தெரிகிறது. ஒன்று விருந்தாளியின் கண். சத்யஜித் ராயின் ஃபெலுடா கதைகள் 1965-இல் டார்ஜிலிங்கில் தொடங்கி லக்னோ, கேங்டாக், ஜெய்சல்மேர் என்று போகின்றன. துப்பறியும் விறுவிறுப்போடு ஊரும் மனத்தில் பதிகிறது. ஆனாலும் கதை முடிந்ததும் ஃபெலுடாவும் கூட்டாளிகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொல்கத்தா திரும்பிவிடுவார்கள். இன்னொன்று அங்கேயே பிறந்து வளரும் பிள்ளையின் கண். அரூப் குமார் தத்தாவின் ‘காசிரங்கா டிரெயில்’ நாவலில், கொம்பு அறுக்கப்பட்ட காண்டாமிருகத்தைக் காணும் மூன்று அசாமியச் சிறுவர்களுக்கு அந்தக் காடு சொந்த வீட்டு முற்றம். அனிதா தேசாயின் ‘தி வில்லேஜ் பை தி சீ’ (1982) மராட்டியக் கடலோரத் தூல் கிராமத்தில் நடக்கிறது. உரத் தொழிற்சாலை வரப்போகும் ஊரில் இனி எப்படிப் பிழைப்பது என்று யோசிக்கும் அரி, மும்பைக்குப் போய்க் கடிகாரம் பழுதுபார்க்கக் கற்கிறான். சுற்றுலாக்காரனுக்கு இந்தக் கவலை வராது.

தமிழில் உள்ளூர்ப் பிள்ளையின் கண்ணுக்குச் சிறந்த சான்று கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. பறவை முட்டைகளைத் தேடி அலையும் சிறுவனின் கதை அது. கரிசல் காட்டின் பறவைகளை அறிந்த மனிதர்களும், அந்தக் காட்டைவிட்டுப் படிப்புக்காகப் பிரியும் வலியும் அதில் உண்டு. ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ தமிழ்ச் சிறுவர்களை இமயத்துக்கு அழைத்துப் போகிறது. 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாக்குகிறது. எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் அத்துமீறலைப் பிள்ளைகளிடம் பக்குவமாகப் பேசி 2020-இல் அதே விருதைப் பெற்றது. தமிழ்ச் சிறார் நாவல் இன்று எதையும் பேசத் துணிந்துவிட்டது. நிலத்தைப் பேசுவதில்தான் கை சுருங்கியிருக்கிறது.

புதுச்சேரியை அடுத்த செம்மண் கிராமமான குயிலாப்பாளையத்திலிருந்து பார்த்தால் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். ‘பிஞ்சுகள்’ எழுதிய கி.ரா. தம் கடைசி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தது பக்கத்திலுள்ள புதுச்சேரியில்தான். கரிசலுக்கு அவர் வாய்த்ததுபோல இந்தச் செம்மண்ணுக்கு ஒரு சிறுவர் நாவல் வாய்க்கவில்லை. கதைக்கா பஞ்சம்? முந்திரிக் கொட்டையை உடைக்கும்போது ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோன அம்மாவின் விரல்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். கிழக்கே பொம்மையார்பாளையத்தில் கட்டுமரமும் வலையும். வடக்கே போனால் மரக்காணம் உப்பளம், வலசைப் பறவைகள் இறங்கும் கழுவெளி. மேற்கே திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள், அதற்கும் அப்பால் செஞ்சிக் கோட்டை. 1968-இல் ஆரோவில் என்ற பன்னாட்டு நகரியம் வந்தபின், பொட்டலாய்க் கிடந்த செம்மண் மேட்டில் காடு வளர்ந்தது. ஊர்த்தெருவில் தமிழோடு பிரெஞ்சும் ஆங்கிலமும் காதில் விழுகின்றன. நிலம் கைமாறுவதையும் வேலை மாறுவதையும் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கிற சிறுமியின் கதையை வேறெந்த ஊரிலும் வைத்து எழுத முடியாது.

பெரியவர்களுக்கான இலக்கியத்தில், நடுநாடு எனப்படும் இந்த வட்டாரம் பின்தங்கவில்லை. நாவலாசிரியர் இமையம் இருக்கிறார். முந்திரிக்காட்டு வாழ்வை எழுதிய கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களுக்கு அகராதியே தொகுத்திருக்கிறார். மொழி தயார், மனிதர்கள் தயார். பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி எழுத ஒருவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வருகின்றன. அடுத்த அடியாக, வட்டாரத்துக்கு ஒரு முழு நாவலை அந்தந்த மண்ணின் எழுத்தாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். அன்று சுவீடனில் அதைக் கேட்டவர்கள் ஆசிரியர்கள். நம் ஆசிரியர் சங்கங்களும் கேட்கட்டும். திண்டிவனத்துப் பிள்ளை கோவில்பட்டியையும், கோவில்பட்டிப் பிள்ளை மரக்காணத்தையும் கதையாகப் படிக்க இதைவிட நல்ல வழி இல்லை.