கெட்டிமேளமும் தாலியும் ஒரே நொடியில்!

இன்டெல் கோர் 2 டுவோ ஈ7500, ஜி41 மதர்போர்டு, 4 ஜிபி ராம். எங்கள் ஹாலில் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான். 2009-ல் சந்தைக்கு வந்த பிராசஸர் அது. இன்று அதில் 4கே வீடியோ ஓடுகிறது. சும்மா ஓடவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது! "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு" என்று சொன்ன அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க எனக்கே அலுக்கவில்லை.

எல்லாம் அக்கா மகள் கல்யாண வீடியோவில் தொடங்கியது. ஸ்டூடியோக்காரர்கள் பென்டிரைவில் 4கே தரத்தில் கொடுத்திருந்தார்கள். போட்டதும் நாதஸ்வரம் அருமையாக வந்தது, தவிலும் வந்தது. படம் மட்டும் வரவில்லை. ஓர் அடி எடுத்து வைக்கும், நிற்கும், மறுபடி துள்ளி இன்னோர் இடத்தில் போய் நிற்கும். கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்து அட்சதை போடுகிற சத்தமும் கேட்டுவிட்டது. மாப்பிள்ளை கை இன்னும் தாலியை எடுக்கவே இல்லை. "எப்படா கட்டுவார்?" என்று அம்மா கேட்டாள்.

சத்தத்துக்கும் படத்துக்கும் நடுவே ஏன் இந்தப் பிளவு? பெரும்பாலான பிளேயர்கள் ஒலியைத்தான் கடிகாரமாக வைத்துக்கொள்கின்றன. சுருக்கி வைத்த ஒலியை அவிழ்ப்பது பிராசஸருக்கு ஒரு பொருட்டே இல்லை. படம் அப்படியா? 4கே ஃபிரேம் ஒன்றில் 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் வருகிற புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 83 லட்சம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற நேரம் 40 மில்லிநொடி. அதற்குள் அவிழ்க்க முடியாவிட்டால் படம் பின்தங்கும், பிளேயர் ஃபிரேம்களைக் கைவிட ஆரம்பிக்கும். எச்.264 முறையில் பிட்களைச் சுருக்குகிற 'காபாக்' என்ற உத்தி வேறு இருக்கிறது. முந்தைய பிட் தெரிந்தால்தான் அடுத்ததைப் பிரிக்கலாம் என்பதால், அந்த வேலையை இரண்டு கோர்களுக்கு எளிதில் பங்கு போட்டுக் கொடுத்துவிடவும் முடியாது. எங்கள் ஈ7500 தன் முழு பலத்தையும் போட்டு உழைத்தது. அந்த வேலையை அதன் தலையில் கட்டியதுதான் தப்பு.

வீடியோவை அவிழ்ப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்றை கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே வைத்து விற்கிறார்கள். அது வேறெந்த வேலையும் செய்யாது. இந்த ஒன்றை மட்டும், குறைந்த மின்சாரத்தில், அசராமல் செய்யும். இன்டெல் அந்தக் காலத்திலேயே ஜி45 மதர்போர்டில் இருந்த எக்ஸ்4500எச்டி-யில் எச்.264-ஐ முழுதாக அவிழ்க்கும் வசதியைக் கொடுத்திருந்தது. மலிவான ஜி41-ல் இருந்த எக்ஸ்4500-க்கு அது இல்லை. பெயரில் இரண்டெழுத்து வித்தியாசம்!

அந்தக் குறையைத் தீர்த்து வைத்ததுதான் என் மனம் கவர்ந்த என்விடியா ஜிடி 1030. 2017-ல் வந்த கார்டு. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும், விசிறிகூட இல்லாத மாடல். 30 வாட் போதும் என்பதால் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடவே வேண்டாம். மதர்போர்டு ஸ்லாட் பழைய பிசிஐஇ 1.1 தான். கார்டு அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. எச்.264, எச்இவிசி, விபி9 என்ற மூன்று சுருக்க முறைகளையும், 10 பிட் எச்இவிசி உட்பட, அவிழ்த்துத் தள்ளுகிறது. எச்டிஎம்ஐ 2.0 இருப்பதால் 4கே டிவிக்கு நொடிக்கு 60 முறை படம் அனுப்பவும் முடிகிறது. வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். பக்கத்திலேயே ஜிடி 710 என்று விலை குறைந்த கார்டு இருக்கும். அதற்கு எச்இவிசி தெரியாது. அப்புறம், ஜிடி 1030-லேயே ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என்று இரண்டு வகை உண்டு. முதலாவதன் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதற்கு 17-ஐக்கூடத் தொடாது. அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து முதலாவதையே கேளுங்கள்.

கார்டைச் செருகியதும் வேலை முடிந்துவிடாது. நான் பயன்படுத்தும் எம்பிவி பிளேயரில் ஹார்டுவேர் டீகோடிங், அதாவது கார்டை வைத்து அவிழ்ப்பது, தானாக இயங்காது. நாம்தான் இயக்க வேண்டும். அதுவும் நல்லதுக்குத்தான். வித்தியாசத்தைக் கண்ணெதிரே பார்க்கும் பாக்கியம் அதனால்தான் கிடைத்தது. கல்யாண வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தேன். சிபியு கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஷிப்டையும் 'ஐ' (I) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பிளேயர் தன் உள்விவகாரத்தையெல்லாம் திரையில் எழுதிக் காட்டும்; அதில் விட்டுப்போன ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கண்ட்ரோல்-எச் அழுத்தினேன். அவ்வளவுதான்! ஒரு கணம் படம் இமைத்தது. சிபியு கோடு மடமடவென்று இறங்கி அடிமட்டத்தில் படுத்துக்கொண்டது. கிராபிக்ஸ் பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்ற கட்டத்தில் ஒரு சின்ன மேடு எழுந்தது. ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கை அப்படியே நின்றது. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதும் விரல்கள் துளைகளில் ஓடுவதும் ஒலியோடு இழைந்து வந்தன. கெட்டிமேளம் வெடித்த அதே நொடியில் முடிச்சு விழுந்தது. "இப்பத்தான்டா கல்யாணம் பார்த்த மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. எம்பிவி-யின் அமைப்புக் கோப்பில் ஹார்டுவேர் டீகோடிங்குக்கு ஒரே ஒரு வரி எழுதிவைத்தால் போதும், ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டியதில்லை.

இங்கேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், இனிமேல்தான் விருந்து. கோபுரத்தைச் சுற்றி டிரோன் மெதுவாக வட்டமடிக்கிற காட்சியில் ஏதோ ஒரு சிறு நடுக்கம் மிச்சமிருந்தது. எண்ணிக்கையில் ஒரு ஃபிரேம்கூட விட்டுப்போகவில்லை; ஆனாலும் கண் உறுத்தியது. காரணம் கணக்கில் இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண வீடியோக்கள் பல, நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் எடுக்கப்படுகின்றன. டிவியோ 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. அரை ஃபிரேம் காட்ட முடியுமா? ஆகவே ஒரு ஃபிரேம் இரண்டு முறை, இன்னொன்று மூன்று முறை என்று கோணல்மாணலாக வருகிறது. விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் போய் 60-ஐ 50 ஆக்கினேன். ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு முறை. கோபுரம் அப்படியே மிதந்தது! காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம் தருகிற சுகத்துக்கு ஈடாக எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ப்ளூ ரே படங்களுக்கு டிவி ஏற்குமானால் 24 ஹெர்ட்ஸ் வையுங்கள். கையால் மாற்றச் சோம்பலாக இருந்தால், எம்பிசி-எச்சி பிளேயரில் முழுத்திரைக்குப் போகும்போது தானே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு.

எஸ்எஸ்டி போடு, ராம் ஏற்று என்பார்கள். போடலாம், பெட்டி சீக்கிரம் விழித்துக்கொள்ளும். படம் திக்குவதை அது தீர்க்காது. ஹீட்சிங்க் தூசியைத் தட்டுவது மட்டும் கட்டாயம். யூடியூபில் இன்னொரு சங்கதி: ஏவி1 முறையில் வருகிற வீடியோவை இந்தக் கார்டு அவிழ்க்காது, பாரம் மறுபடி பிராசஸர் தலையில் ஏறும். பிரவுசரில் 'என்ஹான்ஸ்டு எச்264-இஃபை' (enhanced-h264ify) என்ற சிறு துணைநிரலைப் போட்டு ஏவி1-ஐத் தடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

டிவியிலேயே பென்டிரைவைச் செருகலாமே என்று மாமா கேட்டார். செருகலாம் மாமா, ஆனால் உங்கள் அறுபதாம் கல்யாண டிவிடியை எதில் செருகுவது? அந்த டிவிடி இந்தப் பெட்டியில் எப்படித் தெரிகிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரின் பழைய வீடியோ கேமராக்கள் ஒரு நொடியை 50 அரைப்படங்களாகப் பதிந்தன, ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று. இரண்டையும் அப்படியே சேர்த்துக் காட்டினால், கை அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். எம்பிவி-யில் 'டி' எழுத்தைத் தட்டினால் ஒவ்வோர் அரைப்படத்தையும் முழுப்படமாக நிரப்பி, நொடிக்கு 50 ஆகக் கொடுக்கிறது. சின்னப் படம் என்பதால் இதை ஈ7500 தானே அனாயாசமாகச் செய்துவிடுகிறது. டிவியும் 50 ஹெர்ட்ஸில் தயாராக நிற்கிறது. கலச நீர் தலையில் விழுந்து சிதறுவது, புகை நடுவே அத்தை கண்ணைக் கசக்குவது, எல்லாம் அன்றைக்கு மண்டபத்தில் நின்று பார்த்தபோது இருந்த அதே ஓட்டத்தில்! டிவிடி வந்த காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது. இந்த அழகில் யாருமே பார்த்ததில்லை. மாமா கேள்வியை மறந்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது டிஸ்க் இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை சித்தி குடும்பமும் வருகிறது, விசிடி கட்டு ஒன்றையும் தூக்கிக்கொண்டு.