நூற்ற கையும் வரலாறும்

விடுதலைப் போரில் மகளிர் பங்கினை ஆராய்வோர் பலர் மறியலையும் சிறையையுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். 1932-இல் சென்னையில் அயல்நாட்டுத் துணி மறியலால் சிறை புகுந்த எஸ். அம்புஜம்மாள் இவ்வளவுகோலால் இடம் பெற்றார், அது தக்கதே. பல்லடம் வட்டத்து மகளிரோ இதற்குள் அடங்கார். அந்நாளில் அவ்வட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பூர், கதர்த் தொழிலின் பெருநிலையமாக விளங்கியது. சுற்றூர்ப் பெண்டிர் இராட்டையில் நூற்ற நூலே அதற்கு முதலாயிற்று. 1932 சனவரியில் அங்குக் கொடி காத்து உயிர்நீத்த குமரனை நாடறியும். நூற்றவர் பெயரை ஊரும் அறியாது.

கூலிக்கு நூற்றாரைப் போராளிகள் எனலாமோ எனின், அவர் நெஞ்சமெல்லாம் நாட்டுப்பற்றால் நிறைந்திருந்தது என்று யாம் கூறோம். மாற்றுத் துணியின்றி மறியல் நிலைபெறாது என்பதே எம் கருத்து. வறுமையால் நூற்ற நூலும் அப்போருக்குப் படைக்கலமாயிற்று. ஆகவே, சிறைப் பதிவேட்டோடு கதர் நிலையங்களின் கூலிக் கணக்கையும் ஒருங்கு வைத்து நோக்குதலே முறையான ஆராய்ச்சியாகும்.