கொசுவுக்குக் கிடைத்த முகம்

அமெரிக்கக் குழந்தை நூலாசிரியர் டாக்டர் சூஸின் பழைய விளம்பரப் படங்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது இப்போது ஒரு ரசனையாகிவிட்டது. அவற்றில் உள்ள இனக்கேலியைச் சுட்டினால், காலம் அப்படி, வயிற்றுப்பாட்டுக்கு வரைந்தார், குழந்தை நூல்களே அவருடைய உண்மையான கலை என்று சமாதானம் சொல்கிறார்கள். இந்தச் சமாதானத்தை என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை.

படங்களின் துடிப்பை மறுப்பதற்கில்லை. ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஃபிளிட் பூச்சிமருந்துக்கு 1928இல் வரையத் தொடங்கி ஏறத்தாழ 17 ஆண்டுகள் நீடித்தார். ஹென்றி என்பவரை ஃபிளிட் எடுத்துவரச் சொல்லும் விளம்பர வாசகம் அமெரிக்கர்கள் வாயில் பழமொழிபோலப் புழங்கியது. சரக்கைப் புகழாமல் சிரிக்கவைத்தே விற்கலாம் என்று காட்டினார்.

ஆனால் அந்தப் படங்களில் யாருக்கு முகம் கிடைக்கிறது என்று பாருங்கள். கொசுவுக்குக் குறும்பு உண்டு, திமிர் உண்டு, மருந்தடிக்கும் பம்பைக் கண்டதும் திகில் உண்டு. ஆப்பிரிக்கர் வரும் படங்களில் தடித்த உதடும் குரங்குச் சாயலும்தான். ஒருவரை வரைந்து மற்றவர்களைப் பிரதி எடுத்ததுபோல் நிற்கிறார்கள். பூச்சிக்குக் காட்டிய கவனத்தை மனிதருக்குக் காட்டவில்லை.

காலத்தின் மேல் பழியைப் போட்டால், பிறகு வந்தவற்றை என்ன செய்வது? பி.எம். நாளிதழில் கறுப்பருக்கும் யூதருக்கும் எதிரான வெறுப்பைச் சாடிக் கேலிச்சித்திரம் போட்டவர் இவரே. ஆக, தவறு அவருக்குத் தெரியாததல்ல. அதே இதழில் 1942 பிப்ரவரி 13 அன்று, அமெரிக்க ஜப்பானியர்கள் வெடிமருந்து வாங்க நீண்ட வரிசையில் நிற்பதாக வரைந்தார். அத்தனை பேருக்கும் ஒரே கண்ணாடி, ஒரே மீசை, ஒரே இளிப்பு. அவர்களை முகாம்களில் அடைக்க வழிசெய்த அரசாணை ஆறே நாளில் வந்தது. ஒரு படத்தால் ஆணை வந்தது என்று சொல்லவில்லை. அந்த ஆணைக்குத் தேவையான மனநிலையை அந்தப் படம் ஊட்டியது என்கிறேன். ஃபிளிட் படங்களில் பழகிய கைதான் அது. 1950இல் வந்த ‘இஃப் ஐ ரன் த ஸூ’விலும் புல்லாடை கட்டிய ஆப்பிரிக்கர்களை அதே கைதான் குழந்தைகள் முன் நிறுத்தியது. விளம்பரம் வேறு, கலை வேறு என்ற கோடு எங்கே இருக்கிறது?

அந்நூல் உட்பட ஆறு நூல்களின் பதிப்பை அவருடைய உரிமை நிறுவனமே 2021இல் நிறுத்தியது. விளம்பரப் படங்களை எரிக்கவோ ஒளிக்கவோ நான் கேட்கவில்லை. காட்சிக்கு வைப்பவர்கள் கொசுக்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், அந்த ஆப்பிரிக்கர்களையும் 1942இன் வரிசையையும் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.