பட்டும் காவியமும்

மத்தியகால ஐரோப்பியப் பிரபுக்களின் காவியங்களிலே உழைப்போருக்கு இடமில்லை; வாளும் குதிரையும் சீமாட்டியின் கடைக்கண்ணுமே அவற்றின் உலகம்; ஆதலின் அவற்றைப் புறக்கணிக்கலாம் என்று கூறும் முற்போக்கு நண்பர்கள் உளர். மறுபுறத்தில், அவற்றைக் காலங்கடந்த காதலின் கருவூலமெனப் போற்றுவோரும் உளர். இருசாராரும் நூல்களை ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை.

பிரான்சின் சாம்பேன் பிரபுவின் மனைவி மரியின் விருப்பத்திற்கிணங்க 'லான்சலொற்' கதையைப் பாடிய கிறெத்தியன் த துறுவா, 1180ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் 'இவேன்' என்னும் காவியத்தையும் இயற்றினார். போர் விளையாட்டுக்களில் மயங்கி, மனைவி விதித்த ஓராண்டுத் தவணையை மறந்த வீரனொருவன் அவளது அன்பை இழந்து, பித்தனாகி, பின்னர் அருஞ்செயல்கள் ஆற்றி அவளை மீண்டும் அடையும் கதை அது. அதன் பிற்பகுதியில் ஒரு கோட்டை வருகிறது.

அங்கே 300 இளம் பெண்கள் அடைபட்டுக் கிடக்கின்றனர். பட்டிலும் பொன்னிழையிலும் வேலைப்பாடு செய்வது அவர்கள் தொழில். உடுத்திருப்பதோ கந்தல், உடலோ பசியால் மெலிந்தது. அவர்களுள் ஒருத்தி இவேனிடம் முறையிடுகிறாள். அம்முறையீட்டிற் கண்ணீர் மட்டுமன்றிக் கணக்கும் இருக்கிறது. ஒரு லீவர் பெறுமதியான வேலைக்குத் தமக்குக் கிடைப்பது 4 தெனியே என்கிறாள். ஒரு லீவர் என்பது 240 தெனியே. எனவே கூலி அறுபதில் ஒரு பங்கு! இரவிற் பெரும்பகுதியும் விழித்திருந்து தாங்கள் செய்யும் வேலையால் யார் செல்வராகின்றனர் என்பதையும் அவள் நன்கறிவாள்.

அப்பால் இவேன் தோட்டத்துள் நுழைகிறான். கோட்டையின் பிரபு பட்டுத்துணி விரித்து அதன்மீது சாய்ந்திருக்கிறார். மகள் அவருக்குக் காவியமொன்றை வாசித்துக் காட்டுகிறாள். தாயும் உடனிருந்து கேட்கிறாள். அது யாரைப் பற்றிய காவியமோ தமக்குத் தெரியாது என்கிறார் கவிஞர். இதனைக் குறும்பென்றே நாம் கொள்கிறோம். தம் காவியத்தைக் கேட்டிருந்த அவையோரையே அவர் அத்தோட்டத்தில் அமர்த்திவிட்டார்.

இத்தகைய வேலைக்கூடம் உண்மையில் இருந்ததா என்று ஆராய்ச்சியாளர் விவாதிக்கின்றனர். எம்மைப் பொறுத்தவரை அக்கணக்கே முக்கியமானது. துறுவா நகரம் சாம்பேனின் பெருஞ்சந்தைகள் கூடிய இடங்களுள் ஒன்று. பிளாண்டர்சின் துணி அங்கே கைமாறிற்று. லீவரும் தெனியேயும் கவிஞரின் காதில் நாள்தோறும் விழுந்த சொற்கள்.

அரசியலிற் பிரபுக்கள் பக்கம் நின்ற பால்சாக், தம் அனுதாபங்களுக்கு மாறாகவே உண்மையைத் தீட்ட நேர்ந்ததை ஏங்கெல்ஸ் 1888ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் எடுத்துக் காட்டினார். கிறெத்தியனைப் பால்சாக்கோடு ஒருசேர வைப்பது மிகையே. இவர் உண்மையைக் கண்ட மறுகணமே கண்ணை மூடிக்கொள்கிறார். பெண்களின் சிறைக்குக் காரணம் பேய்க்குப் பிறந்த இரு சகோதரர்களாம். இவேனும் அவனது சிங்கமும் அவர்களை வென்றதும் பெண்கள் விடுதலையாகின்றனர். பட்டில் சாய்ந்திருந்த பிரபுவை யாரும் கணக்குக் கேட்கவில்லை.

காவியத்தின் தொடக்கத்தில் வரும் மாட்டு மேய்ப்பனுக்கோ இவ்வளவு இரக்கமும் கிட்டவில்லை. யானைக்காதும் பன்றிப்பல்லுமாக அவனைக் கவிஞர் வருணிக்கிறார். நீ நல்லதொரு பிறவிதானா என்று வீரனொருவன் கேட்க, தான் ஒரு மனிதன் என்று அவன் விடையிறுக்க வேண்டியிருக்கிறது. அவனைச் சுட்டும் 'விலேன்' என்ற சொல்லுக்கு நாட்டுப்புறத்து உழவன் என்பதே பொருள். பிரபுக்களின் வாயில் அது இழிந்தவன் என்றாகி, ஆங்கிலத்தின் வழியே எமது சினிமாக் கொட்டகைகளுக்கு 'வில்லன்' ஆக வந்து சேர்ந்தது. மரியின் பெயரைப் பலவிடங்களிற் குறிப்பிடும் அந்திரேயாஸ் கப்பெல்லானுஸின் காதல் இலக்கண நூலோ, சீமாட்டியிடம் பணிந்து இரக்கக் கற்பித்துவிட்டு, உழவர்குலப் பெண்ணிடம் பலாத்காரத்தையும் அனுமதிக்கிறது. கிறெத்தியனின் மேய்ப்பன் வீரர்களுக்கு வழி காட்டுகிறான். அதன்பின் கதையில் அவனுக்கு வேலையில்லை.