பொருள் தரும் அகராதியும் ஆட்சி தரும் அகராதியும்: ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம் கற்போர் நோக்கில்

சென்னைப் பல்கலைக்கழகம் 1963–65 ஆண்டுகளில் வெளியிட்ட ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியார், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். யாப்பியலில் ஆழங்கால்பட்ட தமிழறிஞர் ஒருவரின் கைவண்ணம் அந்நூலின் பக்கந்தோறும் தெரிகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகத் தமிழில் எத்தனை சொற்கள் நிற்க முடியும் என்று காட்டுவதில் அதற்கு இணையானவை சிலவே. மொழிபெயர்ப்பாளர்கள் இன்றும் அதை நாடுவதற்குக் காரணம் இவ்வளமே.

ஆயின், ஆங்கிலம் கற்பவரும் கற்பிப்பவரும் அதையே சொல்லாட்சிக்கும் சான்றாகக் கொள்ளும்போது சிக்கல் எழுகிறது. தலைச்சொல், சொல்வகைக் குறிப்பு, தமிழ்ப் பொருள் நிரல் என்பதே பதிவின் பொது அமைப்பு. சொல் தொடரில் எவ்வாறு அமையும் என்பதற்கு அங்கு இடமில்லை.

‘எக்ஸ்பிளெய்ன்’ என்னும் வினையைக் கொள்ளலாம். ‘விளக்கு’ என்னும் பொருள் பிழையற்றது. தமிழில் ‘எனக்குக் கொடு’, ‘எனக்குக் காட்டு’, ‘எனக்கு விளக்கு’ ஆகிய மூன்றும் நான்காம் வேற்றுமையையே ஏற்கின்றன. (அவ்வேற்றுமைக்கு நன்னூலார் முதலில் சுட்டும் பொருள் கொடை என்பது நினைக்கத்தக்கது.) ‘கிவ் மீ’, ‘ஷோ மீ’ என்று பழகிய மாணவர் அதே வழியில் ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்று எழுதுகிறார், ஆங்கிலமோ அங்கு ‘டு’ என்னும் முன்னிடைச் சொல்லை வேண்டுகிறது. ‘டிஸ்கஸ்’ இதற்கு நேர்மாறானது. ‘பற்றி விவாதி’ என்னும் தமிழ் வழக்கு, வேண்டாத ‘அபௌட்’டைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இவற்றை மாணவரின் கவனக்குறைவு எனச் சிவப்பு மையால் சுழிப்பது முறையன்று. இவை தாய்மொழியின் வேற்றுமை அமைப்பிலிருந்து ஒழுங்காகப் பிறப்பவை, முன்கூட்டியே கணிக்கத்தக்கவை.

கற்போருக்கான அகராதி என்னும் கருத்து அக்காலத்தில் உருவாகவில்லை என்று கூறவும் இயலாது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் துணைவர் இருவருடன் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்போர்டு அதை மறுபதிப்பாக வெளியிட்டது. வினைகள் ஏற்கும் தொடரமைப்புகளை அது 25 வகைகளாகப் பகுத்துக் காட்டியது. எனினும் அது முழுதும் ஆங்கிலத்தில் அமைந்த நூல். தமிழ்வழியில் பயின்று வரும் கடலூர், சிதம்பரம் வட்டார மாணவருக்கு அதன் விளக்கமே மற்றொரு பாடமாகிவிடுகிறது.

சொற்களஞ்சியத்தின் நோக்கம் தமிழின் ஆற்றலை நிறுவுவது, கற்பித்தலன்று. அந்நோக்கில் அது வென்றது. குறை, அதை வகுப்பறைக்கு அப்படியே கொண்டுசென்ற பிற்காலப் பயன்பாட்டினுடையது. தற்காலத் தமிழ்ச் சொற்களை எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் விளக்கும் க்ரியா அகராதி 1992-இல் வந்துவிட்டது. அதனால் தமிழ்ப் பக்கத்துச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. மொழியியல் உயராய்வு மையமும் ஆங்கிலத் துறையும் ஒரே வளாகத்தில் இயங்கும் அண்ணாமலைநகரில், ‘விளக்கு’ என்பதன் அருகே ‘தமிழில் கு உருபு, ஆங்கிலத்தில் டு’ என்று ஒரு வரி சேர்க்கும் பணியை வினைச்சொற்களிலிருந்தே தொடங்கலாம்.