முளைகட்டிய கேழ்வரகு

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் ஊர்கள் நிறைந்தது விழுப்புரம் மாவட்டம். அனந்தபுரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் கேழ்வரகு பெரியவர்களின் கூழுக்கு மட்டுமல்ல. குழந்தையின் முதல் கஞ்சிக்கும் ஆகும்.

பக்குவம் நிதானமானது. கல், தூசி பார்த்துக் கழுவி, இரவெல்லாம் ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டினால், ஓரிரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். நன்றாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்து, மெல்லிய துணியில் சலித்தால் உமி மேலே தங்கும், மாவு இறங்கும்.

முளையில்தான் சூட்சுமம். அப்போது பெருகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி இறுகாது. கொஞ்சம் கூடுதலாக மாவு போட்டாலும் குழந்தை விழுங்கும் பதத்தில் நிற்கும். வறுக்கும் தீ மிஞ்சினால் நொதி வீணாகிவிடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முளைகட்டுவது, இரும்புச்சத்தை உடலில் சேரவிடாத ஃபைட்டேட்டையும் குறைக்கிறது.

கட்டி தட்டாமல் தண்ணீரில் கரைத்து, பளபளப்பு வரும்வரை கிண்டுகிறார்கள். உப்பு, சர்க்கரை வேண்டாம். ஒரு வயதுவரை தேனும் கூடாது.

ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று ஸ்பூனில் தொடக்கம். தாய்ப்பால் தொடரும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவும் அந்த வயதிலிருந்தே கிடைக்கும்.